செல்ஃப் அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகல

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். ஒலிகள் வரும் இடங்கள் அடைப்புக்குறிக்குள்.)

இன்னைக்கு மூணு சத்தம் கேட்கப் போறோம். ஹெட்போன் இருந்தா மாட்டிக்கோங்க. முதல் சத்தம் இது.

(ஒலி: டக். டக். டக்டக்டக்டக். நிசப்தம்.)

இது உங்களுக்குத் தெரிஞ்ச சத்தம்தான். பேட்டரி இறங்கிப்போச்சு, இல்லைன்னா டெர்மினல் லூஸ். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஜம்ப் கேபிள் இருந்தா பாதிப் பிரச்சனை முடிஞ்சது. இன்னைக்கு நம்ம விஷயம் இது இல்ல. அடுத்ததைக் கேளுங்க.

(ஒலி: கர்-கர்-கர்-கர்-கர் என்று சீராக ஐந்து விநாடி. நிசப்தம்.)

இதுதான் இன்னைக்குக் கதாநாயகன். மெக்கானிக் பாஷையில "செல்ஃப் அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகல". பேட்டரி உயிரோட இருக்கு, செல்ஃப் மோட்டார் சுத்துது, எஞ்சினும் கூடவே சுத்துது. ஆனா பத்திக்கல. நம்மில் பெரும்பாலானவங்க இந்த இடத்துல என்ன செய்வோம்? மறுபடி சாவியைத் திருப்புவோம். மறுபடி. பெட்ரோல் வாசனை வர்ற வரைக்கும், இல்ல பேட்டரி சாகுற வரைக்கும். அப்புறம் ஒரு மெக்கானிக்குக்கு போன். "அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகல." அந்தப் பக்கத்துல இருந்து, வண்டியைப் பார்க்காமலே, "ஃப்யூயல் பம்ப் போயிருக்கும் சார்."

இந்த எபிசோட் அந்த போனுக்கு முன்னாடி இருக்கிற அஞ்சு நிமிஷத்தைப் பத்தினது. நீங்க மெக்கானிக் ஆகணும்னு நான் சொல்லல. ஸ்பேனர் தொட வேண்டாம், பானெட்டைக்கூட பெரும்பாலும் திறக்க வேண்டாம். ஆனா வண்டி நின்னு கிடக்கிற அந்த நேரத்துல மட்டுமே கிடைக்கிற சில தடயங்கள் இருக்கு. டோ வண்டி வந்து, ஒர்க்ஷாப் போய், வரிசையில நின்னு, மறுநாள் காலையில ஒருத்தர் சாவியைத் திருப்பும்போது அது இருக்காது. சில சமயம் வண்டியே ஜம்முனு ஸ்டார்ட் ஆகிடும்.

அப்படி ஒரு கேஸ் நமக்கு வந்தது. ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பேரு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பெட்ரோல் ஹேட்ச்பேக். பெருங்களத்தூர்ல வீடு, ஓஎம்ஆர்ல வேலை, வாரம் ரெண்டு நாள் அம்மாவை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். போன மே மாசம் மத்தியானம், ஜிஎஸ்டி ரோட்ல, ஏசி ஓடிக்கிட்டிருக்கும்போதே வண்டி அணைஞ்சு நின்னுடுச்சு. செல்ஃப் அடிக்குது, எடுக்கல. பின்னாடி ஹாரன், பக்கத்து சீட்ல அம்மா. டோ பண்ணி ஒர்க்ஷாப் போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம். அங்க ஸ்டார்ட் பண்ணா, முதல் திருப்புலயே ஓடுது.

"ப்ளக் பழசு மேடம், மாத்திடலாம்"னாங்க. மாத்தினாங்க. பத்து நாள் ஓடிச்சு, திரும்ப அதே மாதிரி மத்தியானம் நின்னுது. இந்த முறை பேட்டரி மாத்தினாங்க. செல்ஃப் நல்லா அடிக்கிற வண்டிக்கு எதுக்குப் புது பேட்டரி? அவங்களுக்கு அது அப்போ தெரியாது, கேட்கவும் தோணல. ரெண்டும் சேர்த்து ஏழாயிரத்துக்கு மேல போச்சு. மூணாவது தடவை நின்னப்போ, ஃப்யூயல் பம்ப் மாத்தணும், ஒன்பதாயிரம் ஆகும்னு கொட்டேஷன். "அம்மாவை இனிமே இந்த வண்டியில ஏத்த பயமா இருக்கு. வித்துடலாமா?"ன்னு வாய்ஸ் நோட்டை முடிச்சிருந்தாங்க.

இந்தக் கேஸுக்குத் திரும்ப வர்றேன். முதல்ல வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகுதுங்கிறதை ரெண்டு நிமிஷத்துல பார்த்துடலாம்.

"செல்ஃப்"ங்கிற வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? அந்தக் காலத்துல காருக்கு முன்னாடி இரும்பு ஹேண்டில் மாட்டி, கையால சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். அந்த ஹேண்டில்தான் கிராங்க். எஞ்சின் திடீர்னு எதிர்ப்பக்கம் உதைச்சா கை உடையும். சார்லஸ் கெட்டரிங்ங்கிற அமெரிக்கப் பொறியாளர் இதுக்கு ஒரு மின்சார மோட்டாரைப் போட்டார், 1912-ல கேடிலாக் கார்ல அது வந்தது. ஆள் இறங்கிச் சுத்த வேண்டாம், தானாவே சுத்தும். அதனால செல்ஃப் ஸ்டார்ட்டர். அமெரிக்காக்காரங்க அந்த "செல்ஃப்"பை எப்பவோ விட்டுட்டாங்க, நம்ம புதுப்பேட்டை மெக்கானிக் இன்னும் விடல.

இந்த மோட்டார் எஞ்சினை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 200 சுத்து சுத்தி விடும். ஐடிலிங்ல எஞ்சின் தானா சுத்துறது 700, 800. 200-ல இருந்து அங்க தாவறதுக்கு சில விஷயங்கள் ஒரே நேரத்துல நடக்கணும். காத்தும் பெட்ரோலும் உள்ள வரணும். அது சிலிண்டருக்குள்ள அழுந்தணும், அதாவது கம்ப்ரஷன். சரியான நொடியில ஸ்பார்க் அடிக்கணும். இது எங்க தாத்தா கால வண்டிக்கும் பொருந்தும். இப்ப ஓடுற வண்டிகளுக்கு இன்னொண்ணும் வேணும்: அனுமதி. எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, "சரி, ஊத்து, பத்தவை"ன்னு சொல்லணும். சாவியில இருக்கிற சிப்பை அது அடையாளம் கண்டுக்கணும், எஞ்சின் உண்மையிலேயே சுத்துதான்னு அதுக்குத் தெரியணும். இதுல ஒண்ணு இல்லைன்னாலும் வெளியில கேட்கிறது ஒரே சத்தம்தான். கர்-கர்-கர்.

அதனால "என்ன பார்ட் போச்சு?"ங்கிற கேள்வியை இப்போதைக்கு விட்டுடுங்க. "எது வந்து சேரல?"ன்னு கேளுங்க. இந்தக் கேள்விக்கு டிரைவர் சீட்ல உட்கார்ந்தபடியே பாதிப் பதில் எடுக்கலாம்.

அதுக்கு முன்னாடி, ரோட்ல நின்னிருந்தா முதல் வேலை வேற. நாலு இண்டிகேட்டரும் எரியற ஹஸார்டைப் போடுங்க, ஓரத்துக்குத் தள்ள முடிஞ்சா தள்ளுங்க, ஆட்களை வண்டியை விட்டு இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்க. முக்கோணத்தை நல்லா பின்னாடி தள்ளி வைங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்கு போன் பண்ணலாம். மீதியெல்லாம் அப்புறம்.

சரி. இப்ப செல்ஃப் அடிக்கிறதை நிறுத்துங்க. ஒரு தடவைக்கு அஞ்சு ஆறு விநாடி போதும், பத்தைத் தாண்ட வேண்டாம், அடுத்த தடவைக்கு முன்னாடி அரை நிமிஷமாவது இடைவெளி விடுங்க. அந்த மோட்டார் கொஞ்ச நேர வேலைக்குன்னு செஞ்சது, விடாம அடிச்சா சூடாகிக் கருகும். பேட்டரியும் இறங்கும். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல சேரும். அந்தப் பார்ட்டோட விலையைக் கூகுள் பண்ணிப் பாருங்க, கை தானா நிக்கும்.

சாவியை எடுத்துட்டு, திரும்பப் போட்டு, ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்க. புஷ் பட்டன் வண்டின்னா பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காம பட்டனை அமுக்குங்க, பெரும்பாலான வண்டிகள்ல ரெண்டு தடவை அமுக்கினா இக்னிஷன் ஆன் ஆகும். டேஷ்போர்டைப் பாருங்க. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியுதா? எரியணும். இந்த நிலையில அது எரியலைன்னாதான் சந்தேகம்: ஈசியூவுக்கே கரண்ட் போகல, ஒரு ஃபியூஸோ ரிலேவோ போயிருக்கலாம். அடுத்து, சாவி படமோ பூட்டுப் படமோ விடாம மின்னுதா? அப்படின்னா அது இம்மொபிலைசர். வண்டி உங்களைத் திருடன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. சில வண்டிகள் ஒரு விநாடி ஸ்டார்ட் ஆகி உடனே அணையறதும் இதனாலதான். ஸ்பேர் சாவி இருந்தா அதைப் போட்டுப் பாருங்க. சாவிக்கொத்துல இன்னொரு வண்டியோட சாவி தொங்கினா அதைக் கழட்டிட்டு முயற்சி பண்ணுங்க. புஷ் பட்டன் வண்டியில ரிமோட் பேட்டரி இறங்கியிருந்தா, ரிமோட்டைப் பட்டன் மேலயே ஒட்டி வெச்சு அமுக்கினா பல வண்டி ஏத்துக்கும். எங்க வைக்கணும்னு மேனுவல்ல படம் இருக்கும். ஆமா, அந்த மேனுவல்தான், க்ளவ் பாக்ஸ்ல கவர் பிரிக்காம கிடக்கே, அதுதான்.

அப்படியே பெட்ரோல் முள்ளையும் ஒரு பார்வை. சிரிக்காதீங்க. சரிவுல நிறுத்தின வண்டியில கால் டேங்க்னு காட்டுற முள்ளை நம்ப முடியாது. முள்ளை ஆட்டற உள் மிதவை கெட்டுப்போன வண்டிகளும் நிறைய.

அடுத்தது காது. ஏசி, மியூசிக் எல்லாம் ஆஃப். சாவியை ஆன் பண்ற நொடியில பின் சீட் பக்கமிருந்து ஒரு "ங்ங்ங்" சத்தம் வரும், ரெண்டு விநாடி, அப்புறம் நிக்கும். அதுதான் ஃப்யூயல் பம்ப், பெட்ரோல் டேங்குக்குள்ளயே முங்கி உட்கார்ந்திருக்கும். (பெட்ரோல் பம்ப்னு சொன்னா பாதிப் பேர் பங்க்குக்கு வழி சொல்றாங்க, அதனால ஃப்யூயல் பம்ப்னே சொல்றேன்.) கூட யாராவது இருந்தா பின் சீட்ல காதை வெச்சுக் கேட்கச் சொல்லுங்க. சில மாடல்ல டிரைவர் கதவைத் திறந்ததுமே பம்ப் ஓடி முடிச்சிடும், அதனால நல்லா ஓடுற நாள்லயே உங்க வண்டி எப்ப "ங்ங்" சொல்லுதுன்னு ஒரு தடவை கேட்டு வெச்சுக்கோங்க. சத்தமே இல்லைன்னா பம்ப், அதோட ஃபியூஸ், ரிலே, ஒயர், இந்த நாலுல ஒண்ணு. இதுல பம்ப்தான் விலை கூடினது, மீதி எல்லாம் சில நூறு ரூபாய்ல முடியலாம். ஒயர்னதும் ஞாபகம் வருது, அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல ரெண்டு வாரம் நின்ன வண்டின்னா எலி கடிச்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இதுல ஜோக் எதுவும் இல்ல, சென்னையில எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

இப்ப ஒரே ஒரு தடவை, அஞ்சு விநாடி, செல்ஃப் அடிங்க. கண்ணு ஆர்பிஎம் முள் மேல இருக்கட்டும். நிறைய வண்டிகள்ல செல்ஃப் அடிக்கும்போது அந்த முள் லேசா எழும்பி 200 பக்கம் நடுங்கும். அது நடுங்கினா, எஞ்சின் சுத்தறது கம்ப்யூட்டருக்குத் தெரியுதுன்னு அர்த்தம். எஞ்சின் நல்லா சுத்திக்கிட்டிருக்க, முள் பூஜ்யத்துல செத்துக் கிடந்தா, கிராங்க் சென்சார் மேல சந்தேகம் விழும். எஞ்சினோட கிராங்க்ஷாஃப்ட் சுத்தறதை எண்ணிச் சொல்ற ஒரு சின்ன சென்சார் அது, கட்டை விரல் சைஸ்தான். அது பேசலைன்னா கம்ப்யூட்டருக்கு எஞ்சின் நின்னுதான் கிடக்கு. ஸ்பார்க்கும் விடாது, பெட்ரோலும் ஊத்தாது. எல்லா மாடல்லயும் முள் இப்படி ஆடாது, அதனால இதை ஒரு துப்பா எடுத்துக்கோங்க, தீர்ப்பா வேண்டாம்.

கடைசியா மூக்கு. இறங்கிப் போய் சைலன்ஸர் பக்கம் மோந்து பாருங்க. பச்சைப் பெட்ரோல் வாசனை பலமா வந்தா, பெட்ரோல் வந்து சேருது, பத்திக்கல. ஸ்பார்க் பக்கம் பிரச்சனையா இருக்கலாம், இல்ல நீங்க அடிச்ச அடியில எஞ்சின் பெட்ரோல்ல நனைஞ்சுபோயிருக்கலாம். நனைஞ்ச எஞ்சினுக்கு ஒரு வழி இருக்கு. ஆக்ஸிலேட்டரை முழுசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அஞ்சு விநாடி செல்ஃப் அடிங்க. பெரும்பாலான இன்ஜெக்டர் வண்டிகள்ல, கால் முழுசா அமுங்கியிருந்தா ஸ்டார்ட்டிங்போது பெட்ரோலை நிறுத்திக் காத்தை மட்டும் விடும். எடுத்துக்கிச்சுன்னா உடனே காலைத் தூக்கிடுங்க. வாசனையே இல்லைன்னா, பெட்ரோலே வரல.

பங்க்ல போட்டு ரெண்டு மூணு கிலோமீட்டர்ல நின்ன வண்டின்னா ஒரு கூடுதல் சந்தேகம், பெட்ரோல்ல தண்ணி. இப்ப நாம போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால் கொஞ்சம் தண்ணியைத் தனக்குள்ள கரைச்சு வெச்சுக்கும். அளவு மீறினா ரெண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு டேங்கோட அடியில போய் உட்கார்ந்துக்கும். பம்ப் உறிஞ்சுறதும் அடியில இருந்துதான். மழைக்காலத்துல இது ஞாபகத்துல இருக்கட்டும். பில்லை வெச்சிருங்க, ஒர்க்ஷாப்ல டேங்கைக் காலி பண்ணும்போது ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. பிரிஞ்சு நிக்கற கோடு கண்ணுக்கே தெரியும்.

இப்ப அந்த நேயர் கேஸுக்கு வருவோம். அவங்க அனுப்பினதுக்கு நான் பதில்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அடுத்த தடவை நின்னா டோ வண்டிக்கு போன் பண்ணதுக்கு அப்புறம், அது வர்ற வரைக்கும், இதையெல்லாம் போன்ல வீடியோ எடுங்க. நாலாவது தடவை நின்னுது, தாம்பரம் தாண்டி. வீடியோ ஒரு நிமிஷம் பத்து விநாடி. அதுல பம்ப் "ங்ங்" தெளிவா கேட்குது. சாவி லைட் மின்னல. செல்ஃப் நல்லா அடிக்குது. ஆர்பிஎம் முள் அசையவே இல்ல. வாசனை இல்லைன்னு வாயால சொல்றாங்க. அப்புறம் அவங்களா யோசிச்சு இன்னொண்ணு பண்ணாங்க, எனக்குத் தோணியிருக்காது: அரை மணி நேரம் கழிச்சு அதே இடத்துல, எதையும் தொடாம, மறுபடி ஒரு வீடியோ. முள் நடுங்குது, வண்டி எடுத்துக்குது.

அந்த ரெண்டு வீடியோவையும் சேர்த்துப் பார்த்தா கதை அங்கயே இருக்கு. பம்ப் ஓடுது, அதனால பம்ப் மேல சந்தேகம் பின்னாடி போயிடுது. எஞ்சின் சூடா இருக்கும்போது கம்ப்யூட்டருக்குச் சுத்து தெரியல, ஆறினா தெரியுது. வயசான கிராங்க் சென்சார் இப்படித்தான் சாகும். உள்ள இருக்கிற மெல்லிசான காயில் கம்பி சூட்டுல விரிஞ்சு தொடர்பு விட்டுப்போகும், ஆறினதும் சேர்ந்துக்கும். மே மாசம், மத்தியானம், டிராஃபிக், எல்லாம் பொருந்துது. ஒர்க்ஷாப் போய்ச் சேர்றதுக்குள்ள எஞ்சின் ஆறிடுது, அதனால அங்க யார் பார்த்தாலும் நல்ல வண்டி. வேற ஒரு மெக்கானிக்கிட்ட வீடியோவைக் காட்டியிருக்காங்க. அவர் ஸ்கேனர் மாட்டி, எஞ்சினைச் சூடாக்கி, அது நிக்கிற வரைக்கும் காத்திருந்து, சிக்னல் விடறதைப் பார்த்துட்டுத்தான் சென்சாரைக் கழட்டினார். லேபரோட சேர்த்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சது.

முதல் ஒர்க்ஷாப்காரங்க ஏமாத்துக்காரங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நின்ன வண்டியை அவங்க பார்க்கவே இல்ல. ஓடுற வண்டியைக் கொடுத்து "இது நேத்து நின்னுது, சரி பண்ணுங்க"ன்னா, யாரா இருந்தாலும் ஊகம்தான் பண்ணணும். என் வருத்தம், அந்த ஊகத்துக்கு பில் போட்டதுல. "இன்னும் பிடிபடல, திரும்ப நின்னா அப்படியே விட்டுட்டு எங்களைக் கூப்பிடுங்க"ன்னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ற மெக்கானிக் கிடைச்சா விட்டுடாதீங்க.

ஸ்கேனர்னதும் சிலர் கேட்பீங்க, ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் கிடைக்குதே, வாங்கலாமான்னு. வாங்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கும், அதுல மாட்டி போன் ஆப்ல பார்த்தா கோடு வரும். உதாரணத்துக்கு பி0335-ன்னு வந்தா கிராங்க் சென்சார் சர்க்யூட். ஆனா கவனிங்க, சர்க்யூட்னுதான் சொல்லுது. சென்சாரும் இருக்கலாம், அதுக்குப் போற ஒயரும் இருக்கலாம், கனெக்டர்ல ஏறின அழுக்கும் இருக்கலாம். கோடைப் படிச்சுட்டு நேரா பார்ட் ஆர்டர் பண்றதும் ஊகம்தான், கொஞ்சம் படிச்ச ஊகம். அப்புறம், ஆப்ல இருக்கிற "கிளியர்" பட்டனை அமுக்காதீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. அழிச்சா மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயம் போச்சு.

இப்ப மூணாவது சத்தம்.

(ஒலி: தடையில்லாமல் வேகமாகச் சுழலும் விர்ர்ர்ர் ஓசை, மூன்று விநாடி.)

வித்தியாசம் கேட்டுச்சா? முன்னாடி கேட்டதுல ஒரு தாளம் இருந்தது, கர்-கர்-கர். அது ஒவ்வொரு சிலிண்டரும் காத்தை அழுத்தும்போது செல்ஃப் மோட்டார் திணர்ற தாளம். இதுல திணறலே இல்ல, தையல் மிஷின் மாதிரி லேசா ஓடுது. கம்ப்ரஷன் இல்லாம இருக்கலாம். டைமிங் பெல்ட் இருக்கிற வண்டியில பெல்ட் அறுந்திருந்தா இப்படிக் கேட்கும். பிஸ்டன் ஒரு பக்கம், வால்வு ஒரு பக்கம்னு தாளம் தப்பிப் போயிருக்கும். பல எஞ்சின்கள்ல ரெண்டும் மோதி வால்வு வளையும். இந்தச் சத்தம் கேட்டா இன்னொரு தடவை அடிக்காதீங்க. இன்னொரு தடவைக்கு விலை அதிகம்.

இதைவிட விலை அதிகமான இடம் ஒண்ணு இருக்கு. சென்னைக்காரங்க இதைக் கொஞ்சம் நின்னு கேளுங்க. வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், ரெண்டுலயும் தண்ணி வடிஞ்ச மறுநாள் காலையில தெருத்தெருவா என்ன நடந்தது? எல்லாரும் கீழ இறங்கி வந்து, "ஓடுதான்னு பார்ப்போம்"னு சாவியைத் திருப்பினாங்க. எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா அந்த ஒரு திருப்பு போதும். காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. மேல வர்ற பிஸ்டன் தண்ணியில முட்டி நிக்கும், கனெக்டிங் ராடு வளையும். எஞ்சினைப் பிரிச்சு வேலை பார்க்கணும், லட்சக் கணக்குல போகலாம். இன்ஷூரன்ஸ் பக்கமும் சிக்கல் இங்கதான். வெள்ளத்துல மூழ்கினது விபத்து. மூழ்கினது தெரிஞ்சும் ஸ்டார்ட் பண்ணி எஞ்சினைக் கெடுத்தது உங்க செயல், சாதாரண பாலிசி அதுக்குக் கொடுக்காதுன்னு கம்பெனி நிக்கும். எஞ்சின் புரொடெக்‌ஷன்னு தனியா ஒரு ஆட்-ஆன் இருக்கு, அதுலயும் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுத்தான் வாங்கணும்.

அதனால தண்ணி வண்டியோட தரை மட்டத்துக்கு மேல ஏறியிருந்தா சாவியைத் தொடவே வேண்டாம், ஆன் பண்ணவும் வேண்டாம். தண்ணி எவ்வளவு உயரம் நின்னதுன்னு போட்டோ எடுங்க, முடிஞ்சா பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்க, ஃப்ளாட்பெட் வரட்டும். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா காரைக் கொண்டுபோய் நிறுத்தினாங்களே, நிறைய பேர் மீம் போட்டோம். பாலத்துல நிறுத்தறது போக்குவரத்துக்கு நல்லதான்னு தனியா சண்டை போடலாம். எஞ்சின் விஷயத்துல அவங்க கணக்கு சரி.

டீசல் வண்டிக்காரங்க கோபப்படாதீங்க, உங்களுக்கும் இருக்கு. டீசல்ல ஸ்பார்க் கிடையாது, அழுத்தத்துல வர்ற சூட்டுலயே பத்திக்கும். அதனால செல்ஃப் மெதுவா சுத்தினாலே ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி சந்தேகம் இங்க நியாயமானதுதான். டேங்க் வத்திப்போய் நின்னிருந்தா, டீசல் ஊத்தினதும் எடுக்காது, லைன்ல காத்து போயிருக்கும், ஏர் எடுக்கணும். ஃபில்டர் பக்கத்துல கையால அமுக்கற பம்ப் இருக்கிற வண்டின்னா அதை அமுக்கியே சரியாகலாம். ஆனா டீசல் பைப் எதையும் கழட்டிப் பார்க்காதீங்க. உள்ள இருக்கிறது நூத்துக்கணக்கான பார் அழுத்தம், தோலைக் கிழிச்சு ரத்தத்துல ஏறும் அளவுக்கு.

அதே மாதிரி பெட்ரோல் வண்டியில, யூடியூப் பார்த்துட்டு ப்ளக்கைக் கழட்டிக் கையில பிடிச்சு ஸ்பார்க் வருதான்னு பார்க்கிற வேலை வேண்டாம். காயில் தர்றது பல்லாயிரம் வோல்ட், பக்கத்துலயே பெட்ரோல் ஆவி. தள்ளி ஸ்டார்ட் பண்றதும் வேண்டாம். செல்ஃப் ஏற்கெனவே எஞ்சினை நல்லா சுத்திக்கிட்டுத்தான் இருக்கு, நாலு பேர் சேர்ந்து தள்ளி நீங்க செய்யப் போறதும் அதே சுத்துதான்.

இப்ப போன் எடுங்க. "அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகல"ங்கிறதுக்குப் பதிலா இப்படிப் பேசிப் பாருங்க: "அண்ணா, செல்ஃப் நல்லா அடிக்குது. சாவி லைட் மின்னல, எஞ்சின் லைட் எரியுது. பம்ப் சத்தம் கேட்குது. ஆர்பிஎம் முள் ஆடல. பெட்ரோல் வாசனை இல்ல. ஓடிக்கிட்டிருக்கும்போது அணைஞ்சது, வண்டி நல்ல சூடு. வீடியோ வாட்ஸ்அப் பண்றேன்." பதினஞ்சு விநாடி. அந்தப் பக்கத்துல இருக்கிறவர் குரல் மாறறதை நீங்களே கேட்பீங்க. ரெண்டு கேள்வி கூடுதலா கேட்பார், சில சமயம் ஸ்பேரைக் கையோட எடுத்துக்கிட்டே வருவார். டோ பண்ணித்தான் ஆகணும்னா, ஆட்டோமேட்டிக் வண்டியை ஃப்ளாட்பெட்ல ஏத்தச் சொல்லுங்க, கயிறு கட்டி இழுக்க விடாதீங்க. இன்ஷூரன்ஸ்ல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருக்கீங்களான்னு இன்னைக்கே பார்த்து வைங்க, பலருக்குத் தங்ககிட்ட அது இருக்கிறதே தெரியாது.

அந்த நேயர் வண்டியை விக்கல. பேட்டரிதான் புதுசாச்சே, இன்னும் மூணு வருஷம் ஓட்டலாம்னு எழுதியிருந்தாங்க.

உங்க வண்டி பண்ற வித்தியாசமான சத்தம் எதுவா இருந்தாலும் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. கூடவே எப்போ, எஞ்சின் சூடா இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா, மழையா வெயிலா, அதையும் சொல்லுங்க. அடுத்த வாரம் பிரேக் சத்தம் பத்திப் பேசலாம், அதுக்கு ஏற்கெனவே நாலு ரெக்கார்டிங் வந்திருக்கு, ஒண்ணு நிஜமாவே மயில் அகவற மாதிரி இருக்கு. பார்க்கலாம்.